வெளியூர்க்காரிக்கு ஒரு பங்கு

வெர்னா போட்ட பட்டியலில் பதினான்கு வேலைகள் இருந்தன. கடையில் தொங்கிய கடல்நாய்த் தோல் காலணிகளை உள்ளே எடுத்து வைப்பது, கண்ணாடியில் ஒட்டியிருந்த கடல்நாய்க்கறி விருந்து அறிவிப்பைக் கிழிப்பது, ஆலை வாசலில் பனி வாருவது என்று ஒவ்வொன்றாக முடித்து, மூன்று முறை சரிபார்த்தாள். அப்படியும் எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் போகவில்லை.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் பிட்மன் துறையின் நண்டு ஆலை இந்த ஆண்டு திறக்குமா என்பது இன்று தெரிந்துவிடும். ஓஹையோவிலிருந்து கிரெட்சன் ஆய்லர் வந்திருந்தார். முப்பது உணவகங்களுக்கு நண்டு வாங்குபவர். கடல்நாய் வேட்டையாடுகிற ஊர்களின் மீனும் நண்டும் வேண்டாம் என்று அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அவர் கைவிட்டால் ஆலை இல்லை. ஆலை இல்லையென்றால் வெர்னாவும் கணவனைப் போலவே வீட்டைப் பூட்டிவிட்டு ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயலுக்குப் போக வேண்டியதுதான்.

மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஆலையைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு தரப் பரிசோதகரான அவள் தலையில் விழுந்தது. பதினொன்றேகால் வரை நன்றாகத்தான் போனது. கொதிகலன், உப்புநீர்த் தொட்டி, உறைபனி அறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிரெட்சன் இரண்டு தடவை தலையைக்கூட ஆட்டினார்.

அப்போது ஊதல் ஒலித்தது. மூன்று முறை, நீளமாக.

பொட்டலப் பிரிவில் வேலை செய்யும் டல்சி ஓடி வந்து வெர்னாவின் காதைக் கடித்தாள். "அடியே, லியாண்டர் மாமா படகுடி!"

"வெள்ளிக்கிழமைதான் வருவேன்னாரே!"

"காத்து திரும்பிருச்சு, பனிக்கட்டி விலகிருச்சு. பதினஞ்சாவதா அதையும் எழுதிக்கோ."

வெளியே கதவுகள் படபடவெனத் திறந்தன. ஏனங்களும் பக்கெட்டுகளுமாக ஊரே படகுத்துறைக்கு ஓடியது. "என்ன விசேஷம்?" என்றார் கிரெட்சன்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா ஒரு படகு."

சும்மா வரும் படகுக்கு இத்தனை பேரா ஓடுவார்கள்? கிரெட்சன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். வெர்னா பின்னால் ஓடினாள்.

வேட்டையிலிருந்து அந்த வசந்தத்தில் திரும்பும் முதல் படகு அது. முதல் படகில் வரும் கடல்நாய்த் துடுப்புக்கைகளில், அதாவது துடுப்பு போன்ற முன்கால் இறைச்சியில், முதல் பங்கை விற்க மாட்டார்கள். ஆண் துணையில்லாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அதற்கும் முன்னால், ஊரில் வெளியாள் யாராவது இருந்தால் அவருக்கு ஒன்று. அது கைமாறாமல் மற்றவர்கள் தொட மாட்டார்கள்.

மூன்று வாரம் பனிக்கடலில் கிடந்த லியாண்டருக்கு விருந்தாளி விஷயம் எப்படித் தெரியும்? மேல்தளத்தில் நின்று கத்தினார். "வெளியாள் யாராச்சும் உண்டா?"

எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெர்னா அவரைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணை உருட்டித் தலையை ஆட்டினாள்.

"அதோ நிக்குதே ஒரு சிவப்புக் கோட்டு! நாக்கையெல்லாம் கடல்ல போட்டுட்டீங்களா? வாம்மா கண்ணு, இது உன் பங்கு."

லியாண்டர் இறங்கி வந்து ஒரு துடுப்புக்கையைக் கிரெட்சனின் கையில் வைத்தார். அவரது வெள்ளைக் கையுறைமேல் ரத்தம் சொட்டியது.

"இது கடல்நாயா?"

"பின்ன, பூனையா?" கூட்டத்தில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

"வலியில்லாம சாகுதா?" என்று கேட்டார் கிரெட்சன்.

வெர்னா முந்திக்கொண்டாள். "எல்லாமே ஒரே குண்டுலதான்..."

"பொய் சொல்லாத வெர்னா." லியாண்டர் தொப்பியைக் கழற்றினார். "பெரும்பாலும் ஒரே குண்டு. எப்பவும் இல்ல. திங்கக்கிழமை ஒண்ணு அடிபட்டு தண்ணிக்குள்ள போயிருச்சு. அரை நாள் தேடினோம், கிடைக்கல. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் வெர்னா. கிரெட்சன் அவள் பக்கம் திரும்பினார். "இதே படகுதான் நண்டும் பிடிக்குமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வேட்டைக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று முடியும் பதில். வாயில் வந்தது வேறு.

"இதே படகுதான். இதே ஆளுங்கதான். கடல்நாய் வித்த காசுலதான் நண்டுக்குப் போக டீசல் போடுறாங்க. அத உங்ககிட்ட மறைக்கத்தான் ரெண்டு நாளா கடை கடையா ஒளிச்சேன். வேட்டைக்காக வெக்கப்படல, ஒளிச்சதுக்குத்தான் வெக்கமா இருக்கு!" குரல் தானாக ஏறியது. "கடிதம் எழுதறவங்க இங்க வந்து ஒரு குளிர்காலம் இருந்திருக்காங்களா? நீங்க சாப்பிடுற கோழிய எப்படிக் கொல்லுறாங்கன்னு போய்ப் பாத்தீங்களா?"

"நான் கோழி சாப்பிடறதில்ல" என்றார் கிரெட்சன்.

"போச்சுடா!" என்றாள் டல்சி. படகுத்துறையே சிரிப்பில் குலுங்கியது. கிரெட்சனின் உதடும் கொஞ்சம் கோணியது.

"எனக்கு இது பிடிக்கல. இனிமேலும் பிடிக்காது. சாப்பிட மாட்டேன். நான் வேண்டாம்னா இது யாருக்குப் போகும்?"

"மேட்டு வீட்டுல தனியா இருக்கற ட்ரிஃபீனாவுக்கு" என்றார் லியாண்டர்.

கிரெட்சன் அதை ஏந்திக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினார். வெர்னா மூச்சிரைக்கக் கூடவே நடந்தாள்.

"போன வருஷம் வாங்கினதுல பாதி வாங்கறேன்" என்றார் கிரெட்சன், திரும்பிப் பார்க்காமல். "நண்டுப் பெட்டியில ஊர்ப் பேர் இருக்கணும். கடிதங்கள உங்களுக்கு அனுப்பிடுவேன். நீங்கதான் பதில் எழுதணும். தண்ணிக்குள்ள போனத மறைக்காம."

"எத்தனை கடிதம்?"

"இதுவரைக்கும் ஆயிரத்து நானூறு."

தன்னால் முடியுமா என்று யோசிக்க வேண்டிய இடம் அது. வெர்னா யோசிக்கவில்லை. "முக்கால்வாசி வாங்குங்க. ஒண்ணு விடாம எழுதறேன்."

கிரெட்சன் நின்றார். கையுறையிலிருந்து ஒரு சொட்டு பனியில் விழுந்தது. "மூணுல ரெண்டு பங்கு. அதுக்கு மேல கிடையாது."

"டல்சி!" வெர்னா திரும்பிக் கத்தினாள். "ஆலை திறக்குதுடி! கொதிகலனைக் கழுவச் சொல்லு!"

கீழே பங்குக்கு முண்டியடித்த சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வெர்னா பனியில் வழுக்கிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினாள்.