சைபருக்கு இடம் வைக்கல

பேரு குச்சி, வயசு இருபத்தி மூணு, இருக்குறது ரெண்டு ப்ளேன் மாறிப் போற ஊர்ல, நாலாவது மாடி ஆபீஸ்ல, ஜன்னலோர சீட்டுல. அங்க உக்காந்துதான் ஒரு முதியோர் இல்லத்துல மாத்திரை டப்பா மேல ஒட்டுற பேருச் சீட்டுக்கு, சி-ங்கிற கம்ப்யூட்டர் மொழியில ப்ரோக்ராம் எழுதினான்.

காலைல பத்து மணிக்கு அந்த இல்லத்து நர்ஸக்கா போன் பண்ணாங்க.

“தம்பி, ஏழாம் பெட் அம்மா பேரோட எட்டாம் பெட் தாத்தா பேரும் ஒட்டிக்கிட்டு ஒரே சீட்டா வந்திருக்கு.”

“யாருக்கும் குடுத்துடலையே அக்கா?”

“புதுசா சேர்ந்த பொண்ணு கடைசிப் பேரைப் பாத்து தாத்தாவுக்குக் குடுத்துட்டா. அது அந்தம்மாவோட தூக்க மாத்திரை. தட்டினா முழிக்கிறாரு, உடனே சாயுறாரு. டாக்டர் பக்கத்துலயேதான் இருக்காரு.”

குச்சி உடனே கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராமைத் திறந்தான். எழுத்தை எண்ணி நீளம் சொல்ற ஸ்டர்லென்ங்கிற கட்டளைகிட்ட அந்தம்மா பேரைக் குடுத்தான். முப்பத்தி மூணுன்னு வந்துச்சு. ஒரு பேருக்கு அவன் ஒதுக்கினதே இருபத்தி நாலு கட்டம்தான்.

ஸ்டர்லென் முதல் எழுத்துல இருந்து எண்ணிக்கிட்டே போகும். கடைசில ஒரு சைபர் உக்காந்திருந்தாதான் நிக்கும். அந்தம்மா பேரு இங்கிலீஷ்ல சரியா இருபத்தி நாலு எழுத்து, சைபருக்கு இடமே இல்ல. ஸ்டர்லென் பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குள்ள செருப்போட நுழையுற மாதிரி தாத்தா பேருக்குள்ள நுழைஞ்சிருக்கு.

எழுதின அன்னைக்கு, சரியா வருதான்னு அம்மா, அப்பா, சித்தி, அக்கா பேரையெல்லாம் போட்டுப் பாத்தான். எல்லாம் குட்டிக் குட்டிப் பேரு. வீட்டுலயே நீளமான பேரு அக்கா வீட்டுக்காரர், மச்சானோடது. அக்கா கல்யாணத்துக்குக் குச்சி வரலைன்னு அவர் அவன்கிட்ட பேசுறதில்ல. அந்த வீம்புல அதை மட்டும் போடல.

சொன்னா வேலை போகும், வேலையோட விசாவும் போகும். சொல்லாம விட்டா மத்தியான மாத்திரையும் மாறும். மேனேஜர் ரூமுக்கு ஓடினான்.

“சார், அந்த ப்ரிண்டரை நிறுத்தச் சொல்லுங்க. தப்பு என்னோடது.”

“பேரோட நீளத்தை எண்ணத் தெரியாதவனையா வேலைக்கு வெச்சிருக்கேன்”னு சொல்லிக்கிட்டே அவர் போனை எடுத்தாரு. அன்னைக்கு சீட்டெல்லாம் கையாலயே எழுதினாங்க.

மூணு மணிக்கு நர்ஸக்கா மறுபடி கூப்பிட்டாங்க. “முழிச்சுட்டாரு. டீ ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டுறாரு.”

குச்சி மாடிப்படியிலயே உக்காந்துட்டான். திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் காட்டினா வேலை இருக்கும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு.

வீட்டுல இதைப் படிக்கிறவங்க மச்சான்கிட்ட காட்டி, சர்டிபிகேட்ல இருக்குற அவரோட முழுப் பேரை எழுதி இந்தக் குச்சிக்கு அனுப்பச் சொல்லுங்க, இந்தத் தடவை முதல்ல அதைத்தான் போட்டுப் பாக்கணும்.