அனுப்பியவர்: பூமிகா

லோடைக் காட்டுங்க சார், அப்புறம் இன்வாய்ஸ் போடுறேன்... கேட்டேவிட்டேன், எதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் பரசுராமன் சார் சொன்னாரோ அதையே, பழைய இரும்பு வந்ததா போனதா என்று பார்ப்பது உன் வேலையில்லை, டைப் அடிப்பதுதான் உன் வேலை என்றவர், டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என்னை முறைக்கிறார். "இன்னாம்மா, பி.காம் படிச்ச திமிரா?" ஆமாம், திமிர்தான், எங்கள் வீட்டில் முதல் டிகிரி, இந்தத் திமிர்கூட வராவிட்டால் எதற்கு மூன்று வருடம் எளாவூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போனேன்? "லாரி காலையிலயே கெளம்பிடுச்சும்மா." எந்த லாரி, திரையில் இருக்கும் இந்த நம்பரா, இது ஷெட்டுக்குப் பின்னால் டயர் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்திய வண்டி, அதன் அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது, மத்தியானம் மிச்சச் சோற்றைக் கொண்டுபோய் வைப்பதே நான்தான், அது பன்னிரண்டு டன் இரும்போடு செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குப் போய்விட்டதாம், குட்டிகளையும் ஏற்றிக்கொண்டா?

ஒரே காகிதம்தான் என்பார் காலேஜில் விக்டோரியா மிஸ், வாங்கினவர் கையில் பில், அனுப்பினவர் கையில் இன்வாய்ஸ், அப்படியென்றால் இன்வாய்ஸ் போடுவது என்பது இந்தச் சரக்கை நான் அனுப்பினேன் என்று சொல்வது. நான். அந்த நான் யாரென்று இன்றுதான் திரையின் மேல்மூலையில் பார்த்தேன், நேற்றுவரை வேறு கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பூமிகா டிரேடர்ஸ், உரிமையாளர் பூமிகா, தகப்பன் பெயர் பச்சையப்பன்... ஆதாரும் பான் கார்டும் ஜெராக்ஸ் கேட்டது இதற்குத்தானா? அனுப்பாத இரும்புக்கு வரி கட்டியதாகக் காட்டி, அதைத் தன் வரியில் கழித்துக்கொண்டு எவனோ அரசாங்கத்தை ஏய்ப்பான், மாட்டினால் ஏசி ரூமில் இருப்பவனையா பிடிப்பார்கள், சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத இந்த உரிமையாளரைத்தானே? "உன் பேர்ல கம்பெனின்னா பெருமைதானேம்மா," என்கிறார், பல்லைக் காட்டுகிறார், என் போன் அதிர்கிறது, ஓடிபி. "நம்பரச் சொல்லு, பேஜாரு பண்ணாத, மொதலாளி காத்துக்கினு இருக்காரு."

"அவர் பேர்லயே போட்டுக்கச் சொல்லுங்க சார்." போனை அணைத்துப் பையில் போட்டேன், டிபன் பாக்ஸை எடுத்தேன். "நாளைக்கு உள்ள வுட மாட்டேன், பாத்துக்கோ!" வருகிறேன் என்று யார் சொன்னது? நேராக வரி ஆபீஸுக்குத்தான், அவர் டீ கிளாஸை வைத்தபோதே அது முடிவாகிவிட்டது. ஷெட் வாசலில் அம்மா பெருக்கிக்கொண்டிருக்கிறாள், பத்து வருடமாகப் பெருக்குகிறாள், கெஞ்சி இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். "இன்னாடி, அதுக்குள்ள ஊட்டுக்குக் கெளம்பிட்ட?" இடுப்பில் செருகிய அவளுடைய பட்டன் போன்... போன வாரம் சோறு போட்டபடி சொன்னாளே, போன்ல இன்னாவோ நம்பரு வந்துச்சுடி, பரசுராமன் சார் கேட்டாரு, படிச்சிச் சொன்னேன், இங்கிலீசு தெர்லன்னா இன்னா, நம்பரு தெரியும்ல என்று சிரித்தாளே, நானும் சிரித்தேனே... அம்மாவின் ஆதார் ஜெராக்ஸ் யாரிடம் இருக்கிறது? அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன், கேட்டைத் தாண்டி நடக்கிறோம், இன்னாடி ஆச்சு, இன்னாடி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வருகிறாள், என்னவென்று சொல்ல, நீயும் ஒரு முதலாளியாக இருக்கலாம் என்றா?