ஊக்கின் கழுத்தில் பச்சை நூல்

எங்கள் ஊக்குக்குக் காதல் வந்துவிட்டது என்று முதலில் சொன்னவள் என் தங்கைதான். ஊக்கு எங்கள் நாய். குட்டியாக வந்த அன்றே என் பெருவிரலைக் குத்திப் பார்த்த பல் அதற்கு; தையல்காரி வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பது? பகல் முழுக்க என் மெஷினுக்கு அடியில், வெட்டிப் போட்ட துண்டுத் துணிகள்மேல் படுத்துக் கிடக்கிற ஜீவன். அது இப்போது மதியச் சோற்றை மோந்துகூடப் பார்க்காமல், பின்சுவர் உடைசல் வழியாகப் பின்தெரு வெல்டிங் பட்டறைக்கு ஓடுகிறது. அங்கே துரு என்று ஒரு செம்பட்டை நாய். ஒரு காது மடங்கி, முகத்தில் களையே கிடையாது. எங்கள் மகாராணிக்கு அதுதான் மன்மதன்.

"நாய்க்கு என்னடி காதல்? அங்க வயித்துக்கு ஏதோ கெடைக்குது, போகுது" என்றேன்.

"பாவம்க்கா. அதுக்கும் ஆசை இருக்காதா?"

அதுக்கும் என்றால், வேறு யாருக்கு இருக்கிறதாம்? அன்றைக்கு என் மனதில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை.

தங்கைக்கு முப்பத்தாறு வயது. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வெட்டித் தைப்பேன்; சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள். சட்டை கிழிந்தாலும் அவள் எடுத்த காஜா பிரியாது. அவளைப் பெண் கேட்டு ஒருத்தர் வந்தார். பல் சரியில்லை என்று அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவருக்குப் பல் நன்றாகவே இருந்தது. அதனால் நடை சரியில்லை என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? பயம்தான், வேறென்ன.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். வாசல் பக்கம் உட்கார்ந்து காஜா எடுத்தவள் இப்போது பின்கதவருகே ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறாள். கேட்டால், "இங்கதான்க்கா வெளிச்சம்" என்கிறாள். நேற்றுவரை சூரியன் எங்கே இருந்ததாம்? ஊக்கு திரும்பி வந்ததும் அதன் தலையைத் தடவி, "என்ன சொன்னான் உன் ஆளு?" என்று விசாரிக்கிறாள். நாயிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒரு நாள் ஊக்கு திரும்பி வந்தபோது அதன் கழுத்துப் பட்டையில் பச்சை நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் கடையில் நூலுக்கு ஒரு பேச்சு உண்டு. தைக்க வந்த துணியில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் அவசரம். வெள்ளை என்றால் மெதுவாகத் தைக்கலாம். பச்சை என்றால் தயார், ஆள் வந்தால் கொடுத்தனுப்பிவிடலாம். இது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. இப்போது எவனோ ஒருத்தன், தயார் என்று சொல்லி அனுப்புகிறான். எதற்குத் தயார்?

"யாருடி இதக் கட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? ஊக்கையே கேளு" என்று சிரித்தாள்.

நெருப்பில்லாமல் புகையுமா? மறுநாள் சிவப்பு நூல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போய் அவளுடைய அலமாரியைத் திறந்து பார்த்தேன். துணியெல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. குப்பைமேடாகக் கிடக்கிற அலமாரி திடீரென்று ஏன் அடுக்கியிருக்க வேண்டும்? கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் பின்தெருவுக்கு நடந்தேன்.

பட்டறைக்காரன் இரும்புக் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மூலையில் ஒரே சாக்கின்மேல் இரண்டு நாய்களும். எனக்கு முன்பே ஊக்கு வந்து சேர்ந்திருந்தது. துரு அதன் காதை நக்க, அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா, நாய் கழுத்துல நூல் கட்டி அனுப்புறது நீதானே?"

"ஆமாங்க."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்ன நெஞ்சழுத்தம்!

"எதுக்கு?"

"ஒடம்பெல்லாம் நூலா ஒட்டிக்கிட்டு வருதுங்க. இங்க பொறி பறக்கும், பத்திக்கும். எடுத்துக் கீழ போட்டா என் நாய் தின்னு தொலைக்கும். அதான் அந்தப் பட்டையிலேயே சுத்தி விட்டுடறேன்."

முந்தின நாள் நான் தைத்தது ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் பச்சைச் சட்டை. அன்றைக்குச் சிவப்பு. அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் திறந்தால் மூடத் தெரியாத வாய்.

"கதை விடாத. என் தங்கச்சிக்குத் தூது விடறியா நீ? தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கிறவ அவ. இந்த வயசு வரைக்கும் ஒருத்தன ஏறெடுத்துப் பாத்ததில்ல. சிரிச்சா கன்னத்துல குழி விழுதுன்னா, எவன் வேணாலும் கூட்டிட்டுப் போயிடலாமா?"

அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தான்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். ஊக்கைத் தரதரவென்று இழுத்து வந்து மெஷின் காலில் சங்கிலி போட்டுக் கட்டினேன். அது பின்கதவைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தது.

"ஏன்க்கா கட்டிட்ட?"

"அங்க பொறி பறக்குதாம். பத்திக்குமாம்."

மறுநாள் அவன் எங்கள் முன்வாசலில் வந்து நின்றான். குளித்துத் தலை வாரியிருந்தான். கையில் ஒரு சட்டை, காலடியில் துரு. அதைப் பார்த்ததும் ஊக்கு துள்ளிய துள்ளலில் மெஷினே ஆடியது.

"அக்கா, சட்டையில காஜா பிரிஞ்சு போச்சு."

நேற்றுவரை யாரோ, ஒரே ராத்திரியில் நான் அக்காவாகிவிட்டேன். சட்டையை வாங்கிப் பார்த்தேன். பிரிந்த காஜாவா அது? ஆணியால் நெம்பிக் கிழித்தது எனக்குத் தெரியாதா?

"வச்சுட்டுப் போ. நாளாகும்."

அதற்குள் தங்கை பின்கதவிலிருந்து வந்துவிட்டாள். "இதுதான் துருவா?" என்று நாயைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. நான் சொன்னது சரிதானா என்று சோதிக்கிறவன்போல அவன் அந்தக் குழியையே பார்த்தான். அவளும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஏறெடுத்துத்தான் பார்த்தாள்.

நான் சட்டையை அவளிடம் நீட்டினேன். "வெள்ளை நூல் கட்டி வைடி." அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தேன். கெஞ்சலாக வந்தது.

அவள் முதலில் குனிந்து ஊக்கின் சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். பிறகு நூல் டப்பாவைத் திறந்தாள். வெள்ளை மேலேயே இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து சிவப்பை எடுத்துச் சட்டையில் கட்டினாள்.