மூன்று கிரீம் பன்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, டைப் அடித்தேன். திண்டிவனத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. ஒருநாள் வயது என்ற இடத்தில் ஆறு என்றும், சோதனை என்ற இடத்தில் ரத்தக் கொழுப்பு என்றும் அடித்தேன். கை நின்றுவிட்டது. (பெயர்களை மாற்றிவிட்டேன். வேலை போனால் நீங்களா சோறு போடுவீர்கள்?)

2.

'விக்கிரவாண்டி பரோட்டா மாஸ்டர் மரிய அருணின் கையில் எப்போதும் எண்ணெய்—'

வேண்டாம். பரோட்டா என்றதுமே நீங்கள் நீதியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். உண்மையில் அவர் சுங்கச்சாவடியில் வேலை பார்க்கிறார், ஆள் ஒல்லி. முப்பத்துநாலு வயதில் நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இது பரம்பரையாகவும் வரலாம், மகளுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

மகள் பிரின்சி, ஒன்றாம் வகுப்பு. கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருந்தது. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு மட்டும் 148. பெரியவர்களுக்கு அது பரவாயில்லை. இந்த வயதில் நூறைத் தொட்டாலே அதிகம்.*

(* எங்கள் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவுதான் அச்சாகும். பிள்ளைகளின் அளவை நான் பேனாவால் எழுதிவிடுவேன். இந்தக் கதையில் என் வீரச்செயல் இவ்வளவுதான்.)

3.

ரத்தம் எடுக்கும் ஆனந்தராஜிடம் அருண் மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்ட இருந்துதான் சார் புள்ளைக்கு வந்துட்டுது."

இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். வளரும் பிள்ளைக்குக் கொழுப்பும் வேண்டும், எதையும் நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். பயந்தவர்கள் காதில் அது ஏறவில்லை. முட்டை போனது, மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உருண்டை போனது, பால் போனது. பிரின்சிக்கு மூன்று வேளையும் கேப்பைக் கூழ். அவள் குடிக்கக் குடிக்க, அருண் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

'அவள் கிண்ணத்தில் சோகம் ததும்பியது—' சீ. எனக்கு அழவைக்க வராது. மேலே போவோம்.

4.

அவர் மனைவி லூசியாவை எழுதுவதுதான் கஷ்டம். பொய் சொன்னவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் பொய்யே சொல்லவில்லை.

இரண்டாம் தடவையும் செவ்வாய்க்கிழமைதான் வந்தார்கள். அந்தோணியாருக்கு உகந்த நாள் என்று லூசியா தேர்ந்தெடுத்தது. வெறும் வயிறுதானே என்று ஆனந்தராஜ் கேட்டார். ஆமாம் என்றார் லூசியா. ஊசியோடு குனிந்தவர் நிமிர்ந்தார்.

"பாப்பா, வாயில என்னா கிரீமு?"

"அது அந்தோணியார் பன்னுங்க," என்றார் லூசியா. "நேர்ச்சை. பூசை முடிஞ்சி கோயில் வாசல்ல எல்லாருக்கும் குடுத்துட்டு வர்றோம். அத்தப் போயி சாப்பாட்டுல சேக்க முடியுமா?"

அருண் மகள் பக்கம் திரும்பினார். "போன தடவ எத்தினி துன்ன?"

பிரின்சி மூன்று விரல் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கவில்லை, ஏனென்றால் அருண் அழுதார். லூசியா முந்தானையால் மகள் வாயைத் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தால் அந்த எண் ஏறும், நாளைக்கு நிஜமான வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று ஆனந்தராஜ் அனுப்பிவைத்தார்.

5.

கதைக்கு முடிவுகள் கைவசம் இரண்டு இருந்தன.

(அ) எண் மறுபடியும் அதிகம். நோயை எதிர்த்துக் குடும்பம்— அழித்துவிட்டேன்.
(ஆ) லூசியா இனிமேல் நேர்ச்சையே— அதையும் அழித்துவிட்டேன். அவர் விடமாட்டார். பன்னை வாங்கிப் பையில் வைத்திருக்கிறார், ரிப்போர்ட் வந்த பிறகு கொடுக்க.

இன்று புதன். மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரின்சியின் கண் பையை விட்டு நகரவில்லை. அருண் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் திரையில் எண் வந்துவிட்டது: 64. இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

நான் எழுந்து போகப்போவதில்லை. இதோ, பிரின்ட் சூடாக இருக்கிறது, பிடியுங்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்களே, நீங்களே போய்க் கொடுங்கள். முதலில் அருணிடம். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதை எழுத வராது. பிறகு பையைப் பிரிக்கச் சொல்லுங்கள். இன்று ஒரு பன் போதும்.