பத்தாம் நம்பர்க் கால்

"இருபத்தாறு சென்றிமீற்றரோ? அது போர்ட் இல்லைத் தம்பி, கதவு. கதவைக் கழட்டிக்கொண்டு மலைக்குப் போறதெண்டால் உங்கட அப்பார்ட்மென்றிலயே ஒண்டு இருக்கும். அதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை."

"இல்ல சார், நடு அகலம்தானே இருபத்தாறு. போர்டுல குறுக்கத்தானே நிக்கிறோம், என் கால் சைஸுக்கு அதுக்குக் கீழ போனா பூட்ஸ் முனை போர்டுக்கு வெளிய நீட்டும். திருப்பத்துல சாயும்போது பனியில இடிச்சு ஆளைத் தூக்கிப் போட்டுடும்னு எல்லாருமே எழுதியிருக்காங்க."

"ஆர் எல்லாரும்?"

"இன்டர்நெட்ல. விளிம்புல சாஞ்சு கார்விங் பண்றவங்க ஃபோரம்ல."

றெனோல்ட் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்புரூக் தெருவில் இருந்த அந்தப் பனிச்சறுக்குக் கடையில் ஐந்து குளிர்காலங்களாக வேலை செய்து அவன் தேர்ச்சி பெற்ற விசயங்களில் அந்தச் சிரிப்பும் ஒன்று. வாடகைக்குப் பலகை எடுப்பவர்களுக்கு ஒரு அளவு, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு அளவு என்று அதை அவன் கூட்டியும் குறைத்தும் வைத்திருந்தான். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, "தம்பி இந்தக் குளிருக்குள்ள ஏன் மலைக்குப் போறீர், வீட்டில இருந்து ஒரு படம் பாக்கலாமே" என்று கேட்கும் கோயில்காரருக்கு முழு அளவு. பதினேழு வருடமாக மொன்றியலில் இருந்துகொண்டு, பனியை மண்வாரியால் அள்ளிக் கொட்டுவதைத் தவிர அதோடு வேறு எந்த உறவும் வைத்துக்கொள்ளாத சனம் அது என்பது அவனுடைய முடிவு.

ஆனால் இன்று முன்னால் நின்ற ஆள் புது வகை. பெயர் ஹரிபிரசாத். மதுரைப் பக்கம். லொங்குய்யில் ஏதோ ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. பனி வந்து நடைபாதைகளையெல்லாம் விழுங்கிவிட்டிருந்த அந்த 2008 பெப்ரவரியில், சனிக்கிழமை காலையில், மெற்றோ ஏறி, பஸ் மாறி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு எக்செல் தாளோடு வந்திருந்தான். தாளில் பதினொரு பலகைகளின் பெயர், நீளம், நடு அகலம், உள்ளே என்ன மரம், உலோகம் உண்டா இல்லையா என்று பத்தி பத்தியாக அடித்திருந்தது. சில கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் வேறு. கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிறவன்கூட இவ்வளவு கட்டம் போடமாட்டான் என்று றெனோல்ட் நினைத்தான்.

"எத்தினை வருசம் ஓடுறியள்?"

"ரெண்டாவது சீசன் சார்."

"ரெண்டாவது சீசன்." றெனோல்ட் அதை ஒரு நோயின் பெயரைப்போலத் திருப்பிச் சொன்னான். சுவரில் இருந்து ஒரு பச்சைப் பலகையை இறக்கி, விரல் மொளியால் தட்டினான். "இந்தா, உங்கட இருபத்தாறு. சத்தத்தைக் கேளுங்கோ. மேல இருக்கிறது ஒரே மூடி. சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி விளிம்பு வரைக்கும் இழுத்து ஒட்டியிருக்கிறாங்கள். புதுப் பனியில சின்னப் பிள்ளையள் விளையாடலாம். எங்கட குபெக் ஐஸில சாய்ச்சால் ஈரச் சீலை மாதிரி முறுகும்."

"அதான் சார் நான் அதைக் கேக்கல. எனக்கு சாண்ட்விச் மாதிரி அடுக்கினது வேணும். நடுவுல மரம், மேலயும் கீழயும் ஃபைபர் கிளாஸ், அதோட ரெண்டு உலோகத் தகடு. பக்கச் சுவர் நேரா நிக்கணும். அப்பத்தான் விளிம்பு ஐஸைப் பிடிச்சு, அதிராம, ஒரே கோடா வெட்டிட்டுப் போகும்."

சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எரிச்சல். இரண்டாவது சீசன்காரன் ஒருவன் சரியாகச் சொல்வதைப்போல மரியாதை கெட்ட செயல் உலகத்தில் வேறு இல்லை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹரிபிரசாத்தின் தாளில் மஞ்சள் பூசிய கடைசிக் கட்டத்தில் இருந்த பலகை, அதே பெயர், அதே நீளம், அதே இருபத்தாறு, இந்தக் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, விளிம்போடு ஒரு சிவப்புக் கோடு. அது இப்போது பின்னால் திருத்தும் அறையில், வாடகைப் பலகைகளின் முதுகுப் பக்கம், றெனோல்டின் தாய் செலீனுடைய பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு நத்தார் முடிந்த நாளில் இருந்து ஒளிந்து நின்றது. மார்ச் தொடங்க மிஞ்சிய சாமான்கள் ஊழியர்களுக்குப் பாதி விலை. இன்னும் ஏழு நாள்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு, வடக்கே லோறன்ஷியன் மலையில், பயிற்றுநர் தேர்வு. றெனோல்ட் இரண்டு முறை எழுதி, இல்லை, சறுக்கி, இரண்டு முறையும் விழுந்தவன். மூன்றாவது முறையும் தவறினால் வகுப்பு முழுவதையும் ஆதியில் இருந்து தொடங்கவேண்டும். தேறினால் முதுகில் மலையின் பெயர் எழுதிய நீலச் சட்டை கிடைக்கும். அந்தச் சட்டையோடு ஒரு ஞாயிறு பூசைக்குப் போய், கடைசி வாங்கில் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் அவனுடைய ஆசை. இரண்டு முறையும் அவனை விழுத்தியது ஒரே இடம்: கால்விரல் பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது பூட்ஸ் முனை பனியில் இடித்து, விளிம்பு விட்டுப்போய், ஆள் பள்ளத்தில். இரண்டு முறையும் தேர்வாளன் தாளில் எழுதியது ஒரே சொல்: 'தலோன்!' பிரெஞ்சில் குதிகால் என்று அர்த்தம். பலகையின் குதிகால் பக்க விளிம்பையும் அப்படித்தான் சொல்வார்கள். முதல் முறை தவறிய பிறகு றெனோல்ட் ஒரு குளிர்காலம் முழுவதும் குதிகால் விளிம்பையே பழகினான். பிறகும் அதே சொல். பனியில் பிறந்ததைத் தவிர வேறு தகுதி இல்லாத அந்த முட்டாளுக்குக் கால்விரலுக்கும் குதிகாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அதோடு முடிவு கட்டினான். பிழை பலகையில். அவனிடம் இருந்த பழைய பலகை இருபத்துநாலு. பத்தாம் நம்பர்க் காலுக்கு அது காணாது. இருபத்தாறு வேண்டும், உலோகத்தோடு வேண்டும், அது கிடைத்தால் தேர்வாளன் தொப்பியைக் கழற்றுவான்.

ஆகவே இந்த மதுரைக்காரனை இருபத்துநாலுக்குத் திருப்பவேண்டும்.

"இதைப் பாருங்கோ." சுவரில் இருந்த கறுப்புப் பலகையை இரண்டு கையாலும், சுவாமி தூக்குவதுபோல இறக்கினான். "நீங்கள் கேட்ட அதே சாமான். அதே மரம், அதே ரெண்டு தகடு. அகலம் மட்டும் இருபத்துநாலு. ஒரு விளிம்பில இருந்து மற்ற விளிம்புக்கு மாறுறது கண் வெட்டுற நேரம். அகலப் போர்டில அதுக்குள்ள நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிடலாம். உண்மையான கார்விங்காரன் ஒடுக்கத்திலதான் போவான்."

"கால் சின்னதா இருந்தா சரி சார். எனக்கு நீட்டுமே?"

"உங்கட கால் பெரிசெண்டு ஆர் சொன்னது?"

ஹரிபிரசாத் உறைக்குள் இருந்து இன்னொரு தாளை எடுத்தான். அதில் பென்சிலால் சுற்றிக் கோடு போட்ட ஒரு மனிதப் பாதம். தாளின் நீளம் முழுவதும் ஏறக்குறைய அதுவே நிரப்பியிருந்தது. "வீட்டுல நின்னு வரைஞ்சேன். ராத்திரியில கால் கொஞ்சம் வீங்கும்னாங்க, அதனால காலைலயும் ஒருதடவை வரைஞ்சேன்."

கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. றொசானா. மன்னார்ப் பிள்ளை, கல்லூரியில் படித்துக்கொண்டு சனிக்கிழமைகளில் மட்டும் வேலைக்கு வருகிறவள். றெனோல்டின் அலட்சியம் எடுபடாத ஒரே ஆள்.

"பேப்பரில கீறினதெல்லாம் இஞ்ச செல்லாது," என்றான் றெனோல்ட். "பொறுங்கோ. முறையா அளப்பம்."

திருத்தும் அறைக்குப் போய்க் கால் அளக்கும் இரும்புத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். கடையின் பலகைத் தரையில் அவன் நடை டப், டப் என்று முன்னால் வந்தது.

"அண்ணை வாறார், வழி விடுங்கோ," என்றாள் றொசானா. "குதிரை வண்டிலெண்டு நினைச்சிட்டன்."

"நீர் உம்மட வேலையைப் பாரும்."

ஹரிபிரசாத் சப்பாத்தைக் கழற்றித் தட்டின்மேல் ஏறினான். றெனோல்ட் குனிந்து முள்ளைத் தள்ளினான். இந்த வகை ஆட்களுடைய தாள்கள் எப்போதும் பொய் சொல்லும் என்பது அவன் அனுபவம். முள் இருபத்தெட்டரையில் போய் நின்றது. அவன் திரும்பத் தள்ளினான். இருபத்தெட்டரை. பத்தரை நம்பர்.

"தாள்ல இருந்ததேதான் சார்," என்றான் ஹரிபிரசாத், பெருமை இல்லாமல்.

"என்ர காலும் பத்துத்தான். நான் இருபத்துநாலிலதான் ஓடுறன்."

"விழ மாட்டீங்களா?"

"விழுவார்," என்றாள் றொசானா. "ஆனா அது எப்பவும் பனியின்ர பிழை."

றெனோல்ட் அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் அவள் அதைத் தொடர்ந்து சொல்லச்சொல்லிக் கேட்டதாக எடுத்துக்கொண்டாள்.

"அதுசரி அண்ணை, உண்மையான கார்விங்காரன் ஒடுக்கத்திலதான் போவானெண்டால், பின்னுக்குப் பெட்ஷீட் சுத்தி வச்சிருக்கிற இருபத்தாறு உங்களுக்குத் தேவையில்லைத்தானே? இவருக்குக் குடுங்கோவன். முதலாளியும் போன கிழமை கேட்டவர், ஸ்டொக்கில ஒண்டைக் காணயில்லையெண்டு."

வெளியே பனி வாரும் வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. றெனோல்டுக்கு அந்த நேரத்தில் முழு உலகத்தின்மேலும் இருந்த வெறுப்பு அந்த வண்டியின் முன்தட்டைப்போல அகலமாக இருந்தது. ஆனால் கடைச் சட்டப்படி, கேட்டு வந்தவனுக்குச் சாமானைக் காட்டத்தான் வேண்டும். டப், டப் என்று போனான். டப், டப் என்று திரும்பி வந்தான். பூப்போட்ட விரிப்பை அவிழ்த்தான்.

ஹரிபிரசாத் பலகையைத் தரையில் கிடத்தவில்லை. ஒரு முனையைக் கண்ணோடு வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, விளிம்பு நெடுகிலும் பார்த்தான். பக்கச் சுவரை விரலால் தடவினான். நடுவில் முழங்காலை வைத்து அழுத்தி, அது வளைந்து திரும்புவதைக் கையால் கேட்டான். றெனோல்ட் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் செய்வான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இவனுக்கு ஒரு இணையப் பக்கம் சொல்லித் தந்திருக்கிறது. கேவலம்.

"இது எனக்கு," என்றான் றெனோல்ட். அன்று காலை முழுவதும் அவன் சொன்ன முதல் உண்மை அது. "மார்ச்சில எனக்குச் சோதனை இருக்கு. எனக்குத்தான் எடுத்து வச்சனான்."

"ஓ." ஹரிபிரசாத் பலகையைக் கீழே விடவில்லை, இறுக்கவுமில்லை. "பத்தாம் நம்பர்னா உங்களுக்கும் இதுதான் சரி, இல்லையா? நான் வேற கடையில பாக்கறேன்." சொல்லிவிட்டு றெனோல்டின் காலைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன பாக்கிறியள்?"

"கடைசியா எப்ப சார் கால் அளந்தீங்க?"

றெனோல்ட் மறுபடியும் மூக்கால் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஐந்து குளிர்காலத்தில் ஆயிரம் கால்களை அந்தத் தட்டில் ஏற்றியவன் அவன். குண்டுக் கால், தட்டைக் கால், நாறுகிற கால், எல்லாவற்றையும் குனிந்து அளந்து, நிமிர்ந்து வெறுத்திருக்கிறான். அளக்கப்படுகிறவர்கள் ஒரு பக்கம், அளக்கிறவன் மறுபக்கம். அவனுடைய கால் பத்து. அது ஞானஸ்நானப் பெயரைப்போல எப்போதோ வைத்தாயிற்று. எப்போது என்று யோசித்தான். பதினாலு வயது. கோட்-தெ-நேஜில் ஒரு கடை. அம்மா கடைக்காரனிடம், இவனுக்கு வளர்கிற கால், ரெண்டு நம்பர் கூட எடுங்கோ, இப்போதைக்கு ரெண்டு சொக்ஸ் போடட்டும் என்கிறாள். அதை அவன்தான் நாணிக்கொண்டு பிரெஞ்சில் சொல்கிறான். அதன் பிறகு எல்லாச் சப்பாத்தும் பத்து. பூட்ஸும் பத்து. இன்றைக்கும் அவன் மலைக்கு இரண்டு சொக்ஸ் போட்டுத்தான் போகிறான். குளிருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா வளர்ற காலுன்னு ஷூவைப் பெருசாத்தான் எடுப்பாங்க," என்றான் ஹரிபிரசாத். "காலேஜ் வரைக்கும் ஷூக்குள்ள பேப்பர் திணிச்சுட்டுத்தான் போனேன். எனக்காவது கால் வளர்ந்துது. நீங்க உள்ள போயிட்டு வரும்போதெல்லாம் கேட்டேன். உங்க குதிகால் ஷூவை விட்டு மேல வந்து வந்து விழுது. அந்தச் சத்தம்தான்."

குதிகால்.

தலோன்!

தேர்வாளனின் சாய்ந்த கையெழுத்து, இரண்டு வருடம், இரண்டு தாள், ஆச்சரியக்குறியோடு. விளிம்பைப் பற்றி அவன் எழுதவே இல்லை. கால்விரலில் சாயும்போது பெரிய பூட்ஸுக்குள் எழும்புகிற ஒரு குதிகாலைப் பற்றி, தூரத்தில் நின்று கண்டு, ஒரு சொல்லில் எழுதியிருக்கிறான். றெனோல்ட் ஒரு குளிர்காலம் முழுவதும் பிழையான பக்கத்தைப் பழகியிருக்கிறான். அந்த முட்டாள் பனியைத் தவிரவும் ஏதோ அறிந்திருக்கிறான்.

இல்லை. அப்படி இருக்க முடியாது. இரண்டாவது சீசன்காரன். எக்செல் தாள்காரன்.

றொசானா கல்லாவை விட்டு வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சுவரோரம் இருபத்துநாலு சாய்ந்து நின்றது. ஹரிபிரசாத் இருபத்தாறை அதன் பக்கத்தில் மெதுவாகச் சாய்த்து வைத்தான். கறுப்பும் கறுப்பும், இரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம். பிறகு இரும்புத் தட்டைத் தன் கையாலேயே தூக்கி, றெனோல்டின் காலுக்கு முன்னால் நேராக வைத்து, முள்ளைப் பின்னால் இழுத்துவிட்டான்.

"அண்ணா," என்றான், முதல்முறையாக சாரை விட்டுவிட்டு. "பத்துன்னு வந்தா இந்த இருபத்தாறு உங்களுது, நான் அப்படியே போயிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஷூவைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை இது மேல நில்லுங்களேன்."