ஓட்டுநர் பக்கத்துத் துரு

ஹாஜி மன்சோர் தன் மோரிஸ் மைனர் காரைக் கெங்கின் பட்டறையில் விடுவதற்கு முன்னால், கைக்கு எட்டிய பாகத்திலெல்லாம் பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். கதவுக் கைப்பிடியில் ஒன்று, சக்கர மூடிகளில் ஒவ்வொன்று, பேட்டரியில் இரண்டு. அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி அது. பட்டறைக்காரன் கையில் பழைய வண்டி சிக்கினால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டிவிடுவான் என்பது அவருடைய தீர்மானம். தைப்பிங் ஊரில் யாருக்கும் அப்படி நடந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாததுதான் அவருக்குப் பெரிய ஆதாரம். அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறார்களாம்!

கெங் பல்குச்சியைக் கடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாஜி, என் முன்பல்லுலயும் ஒரு புள்ளி வச்சிருங்க. ராவோட ராவா அதையும் மாத்திட்டான்னு நாளைக்குச் சொல்வீங்க."

"சிரி தவுக்கே, பட்டறை முதலாளில்ல, நல்லாச் சிரி. டிக்கெட் இல்லாதவன்தான் என்னைப் பார்த்து மொதல்ல சிரிப்பான்" என்று சொல்லிவிட்டு மன்சோர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டு வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வேலை முடிகிறவரை எழுந்திருக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கழிவறைக்குள் ஒளிந்தவன், தூங்குவதாகப் பாசாங்கு செய்தவன், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏழு வயது என்று சாதித்தவள், இத்தனை பேரையும் முகத்தைப் பார்த்தே பிடித்தவர். ஓய்வு பெற்றதும் ரயில் போய்விட்டது, அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. மீன்காரன், தபால்காரன், பக்கத்து வீட்டுப் பூனை என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மருமகன்மேலும் அந்தப் பார்வை விழுந்ததுதான் வினை.

மருமகன் சுக்ரி சிம்பாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். பேச்சு குறைவு. டிசம்பர் மழையில், நண்பன் கல்யாணத்துக்காக மோரிஸை இரண்டு நாள் இரவல் வாங்கிப்போனான். திருப்பி விட்ட மறுநாள் காலை மன்சோர் ஏறி உட்கார்ந்தால் காலடியில் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. அதன்மேல் எப்போதும் கிடக்கும் ரப்பர் மேட்டைக் காணோம். அன்றிரவு அங்கேயே தங்கியிருந்த சுக்ரி அதை எடுத்து வீட்டு வேலியில் காயப்போட்டிருந்தான். மேட்டை ஏன் எடுத்தான்? மன்சோருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"வெள்ளத்துல ஓட்டுனியா?"

சுக்ரி ஒரு நிமிஷம் முழித்தான். "ஆமா அபா" என்றான், மாமனாரை அப்பா என்று கூப்பிடுகிற வழக்கப்படி. "சிம்பாங் ரோட்டுல கொஞ்சம் தண்ணி."

"அந்த ரோட்டுல அன்னைக்குத் தண்ணியே ஏறலையே?"

"அப்ப... கமுண்டிங் ரோடா இருக்கும்."

"எவ்வளவு தண்ணி?"

"கணுக்கால்... இல்ல, முழங்கால் இருக்கும். நானே சரி பண்ணித் தர்றேன் அபா."

இப்படி ரோடு மாறி ரோடு தாவினவர்கள் எத்தனை பேரை அவர் ரயிலைவிட்டு இறக்கியிருப்பார்! பொய் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. எதை மறைக்கப் பொய் என்பதுதான் தெரியவில்லை. கூட்டாளிகளோடு ஆற்றுக்குள் இறக்கினானா, யாரிடமாவது வண்டியைக் கொடுத்தானா? மூன்று மாதம் மனசுக்குள் ஊறப்போட்டார். பெருநாளன்று வீடு நிறைய உறவுக்காரர்கள், கையில் ரெண்டாங் கறித் தட்டு, எதிரே சுக்ரி. பொங்கிவிட்டது.

"இவன் பொய்யன். என் வண்டிய என்னமோ பண்ணிட்டு வெள்ளத்து மேல பழி போடுறான். இவன நம்பி என் பொண்ணு வேற போயிருக்கா."

இருபது பேர் கேட்டார்கள். மகள் நஸ்லினா தட்டை வைத்தாள், புருஷன் கையைப் பிடித்தாள், போய்விட்டாள். நான்கு மாதமாக அவள் வரவுமில்லை, போனை எடுக்கவுமில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம்.

மனைவி கல்சோம்தான் கடைசியில் ஒரு முடிவு கட்டினாள். "நாறுற அந்தக் கார்ப்பெட்ட எப்படியும் மாத்தணும். மாத்தும்போது தரையத் தெறந்து பாருங்க. அவன் மேல தப்பு இருந்தா நான் வாய மூடிக்கிறேன். இல்லேன்னா நீங்க அவன் வாசப்படி ஏறி மன்னிப்புக் கேக்கணும். பேரப்பிள்ள மூஞ்சிய நான் போட்டோவுல பார்க்க மாட்டேன்."

"ஆதாரத்தோட வர்றேன், பாரு" என்றார் மன்சோர். ஆக, பட்டறைக்கு அவர் வந்தது கார்ப்பெட்டுக்காக இல்லை.

கெங் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தான். கதவடியில் இருந்த தகட்டுப் பட்டைகளின் திருகுகளை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டை மூலையிலிருந்து உரித்தான். முதலில் பின்பக்கம். அடியில் இருந்த கம்பளித் துணி மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அதைத் தூக்கினால் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. அடுத்து முன்னால் இடப்பக்கம், பயணி உட்காருகிற இடம். அங்கேயும் துரு இல்லை. கல்சோமின் தொலைந்துபோன ஊக்கு ஒன்று கிடைத்தது.

வலப்பக்கம், ஓட்டுகிறவர் பக்கம், உரித்தபோது கார்ப்பெட் கையோடு பிய்ந்து வந்தது. அடியில் கம்பளி கறுப்புக் கூழாகிக் கிடந்தது. கெங் அதை வழித்துப் போட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டினான். மூன்றாம் தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. இரண்டு இடத்தில் ஓட்டை, வழியே பட்டறைச் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"பார்த்தியா, பார்த்தியா! வெள்ளம்!" மன்சோர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"வெள்ளமாவது! தண்ணி உள்ள ஏறுனா நாலு மூலைக்கும் போகும் ஹாஜி. சேறு ஓரத்துல கோடு போட்டிருக்கும். மத்த மூணு பக்கமும் பாருங்க, தூசிதான் இருக்கு."

"மேல இருந்து ஒழுகியிருக்கும். கண்ணாடி ரப்பர எவனோ மாத்திட்டான்."

"ரப்பர் நல்லாருக்கு. உங்க பச்சைப் புள்ளியும் அதுல இருக்கு."

"அப்ப அவன் அந்தப் பக்கம் மட்டும் தண்ணிய ஊத்தியிருக்கான்."

"எதுக்கு?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும்."

கெங் பல்குச்சியைத் துப்பினான். "இது ஒரு நாள், ரெண்டு நாள் தண்ணி இல்ல. தினம் தினம், வருஷக்கணக்கா, காய விடாம நனைஞ்ச தரை. மேல ரப்பர் மேட் வேற மூடி வச்சிருக்கு. யாரோ ஈரக்காலோட ஏறி இறங்கியிருக்காங்க."

"நான் இல்லாதப்ப எவனோ என் வண்டிய எடுக்குறான்" என்று மன்சோர் முணுமுணுத்தார். எதிர்வீட்டுக்காரன், மீன்காரன், கல்சோமின் தம்பி என்று ஒவ்வொரு முகமாக மனசுக்குள் வந்து போனது.

மதியத் தொழுகைக்கு நேரமாயிற்று. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். பட்டறைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனார். மூன்று முறை கழுவினால் யாருக்கும் போதும். மன்சோருக்கு மூன்று போதாது. குதிகாலில் தண்ணீர் பட்டதா? பட்டது. நன்றாகப் பட்டதா? மறுபடி. விரலிடுக்கில்? மறுபடி. பள்ளிவாசல் தொட்டியில் பல்லி விழுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்ததிலிருந்து, பதினோரு வருஷமாக, ஐந்து வேளையும் வீட்டிலேயே கழுவிக்கொண்டு காரில் போகிறவர் அவர். துடைப்பதில்லை. துணி சுத்தமா என்று யாருக்குத் தெரியும்?

காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே, தன் முதுகுக்குப் பின்னால் கெங் எதையாவது மாற்றிக்கொண்டிருந்தால் என்ற நினைப்பு வந்தது. குழாயை மூடிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் வேகவேகமாக வந்தார். ஓட்டுகிற பக்கக் கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது.

கெங் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயிலிருந்து கார்வரை சிமெண்டில் ஈரக் காலடிகள் வரிசையாக வந்திருந்தன. கடைசியாக அவர் நின்ற இடத்தில் குதிகாலைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

அந்தப் பார்வை மன்சோருக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்ல ஹாஜி. நீங்க தொழுதுட்டு வாங்க."

மன்சோர் குனிந்து தன் காலைப் பார்த்தார். வண்டிக்குள் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். ஒன்று ஆக்ஸிலரேட்டர் மிதிக்குக் கீழே குதிகால் ஊன்றுகிற இடம். இன்னொன்று இடதுகால் சும்மா கிடக்கிற இடம். ஊரெல்லாம் திருடனைத் தேடினவர் தன் காலடியில் வந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கல்சோம் கேட்டாள். "தரை என்ன சொல்லுச்சு?"

"இன்னும் முழுசாத் தெறக்கல" என்றார் மன்சோர்.

மறுநாளும் கேட்டாள். "வேல நடக்குது" என்றார். கல்சோம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சோற்றைப் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

பட்டறையில் கெங் அழுகின தகட்டை நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி எடுத்தான். புதுத் தகட்டை அளந்து வளைத்து வெல்டிங் வைத்தான். ஓரங்களில் கம்பி பிரஷ் ஓட்டி, துரு தின்கிற மருந்தைப் பூசினான். செந்துரு கருநீலமாக மாறிற்று. மூட்டுகளில் பசை அடைத்துச் சிவப்பு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு அடித்தான். மன்சோர் முக்காலியில் உட்கார்ந்தேதான் இருந்தார். ஆனால் புள்ளிகளைச் சரிபார்க்கவில்லை, கோப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள், பழைய கார்ப்பெட்டை மாதிரியாக வைத்து வெட்டின புதுக் கார்ப்பெட்டைக் கெங் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஹாஜி, பெயிண்ட் காஞ்சிருச்சு. இத விரிச்சு ஒட்டிட்டா முடிஞ்சுது. அப்புறம் அடியில என்ன இருந்துச்சுன்னு ஆண்டவனுக்கும் எனக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டான். "மூடிடவா?"

மூடிவிடலாம்தான். கல்சோமிடம் வெள்ளம் என்று சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். மன்சோர் எழுந்து வந்து சிவப்புத் தரையைத் தொட்டுப் பார்த்தார். மகளுக்கு ஏழாம் மாதம் என்பது ஞாபகம் வந்தது.

"வேணாம். சீட்ட மட்டும் மாட்டிக் குடு. கார்ப்பெட் இங்கயே இருக்கட்டும்."

"திரும்பி வருவீங்கல்ல?"

"ஏன், என் மேல சந்தேகமா?"

"அட, உங்க தொழிலப் பழகிக்கிறேன்" என்று கெங் சிரித்தான்.

வெற்றுத் தகடு தடதடக்க, பெயிண்ட் வாடை மூக்கை அடைக்க, மன்சோர் சிம்பாங்குக்கு ஓட்டினார். சுக்ரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் கையில் சட்டையோடு அப்படியே நின்றான். மன்சோர் இறங்கி, தன் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவைத்தார்.

"இங்க வா. இதப் பாரு."

சுக்ரி பார்த்தான். ஒட்டுப்போட்ட தகடு அந்த ஒரு மூலையில் மட்டும்தான் இருந்தது.

"அன்னைக்கு நீ பொய் சொன்னே."

"ஆமா அபா."

"மேட்டத் தூக்குனதுமே உனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு வெள்ளம், ரோடு? இருபது பேர் முன்னாடி உன்னப் பொய்யன்னு சொன்னேனே, அப்பவாவது வாயத் தெறக்க வேண்டியதுதானே?"

கேட்கும்போதே அவர் பார்வை சுக்ரியின் முகத்தைத் துழாவியது. இவனுக்கு இதில் என்ன லாபம்? கெட்ட பழக்கம், சுலபத்தில் விடுமா?

சுக்ரி சட்டையை முறுக்கினான். "போன வருஷம் உங்க வீட்டுல தங்கியிருந்தோம்ல. விடியக்காலைல தண்ணி குடிக்க எந்திரிச்சேன். நீங்க குழாயடியில கால் கழுவிட்டு இருந்தீங்க. நிறுத்தவே இல்ல. 'சரியாச்சா, சரியாச்சா'ன்னு உங்களையே கேட்டுக்கிட்டு... அழுதுட்டே கழுவுனீங்க அபா." குரல் இறங்கிவிட்டது. "அந்தத் தண்ணிதான் உங்க வண்டியத் தின்னுதுன்னு நான் எந்த வாயால சொல்றது? அப்புறம் அதையும் சேர்த்துல்ல கழுவிட்டு நிப்பீங்க."

அந்த அழுகை யாருக்கும் தெரியாது என்றுதான் மன்சோர் பதினோரு வருஷமாக நினைத்திருந்தார். கல்சோமுக்கே தெரியாது. ஊரார் முகத்தையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பையன் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

நஸ்லினா இடுப்பில் கைவைத்து வாசற்படியில் வந்து நின்றாள். "என்ன அபா, விசாரணை இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிருச்சும்மா. தப்பு என்னுது. இவன் மேல ஒண்ணுமில்ல."

"எங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னா போதுமா? அன்னைக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?"

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். பழைய மோரிஸைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடியிருந்தார்கள். "இங்க எத்தன பேர் நிக்கிறாங்க?"

"ஒம்பது" என்றாள் நஸ்லினா.

"மிச்சப் பதினோரு பேர ஞாயித்துக்கிழமை நானே கூப்பிட்டு உக்கார வைக்கிறேன்."

சுக்ரி, பெரியவர் கையைப் பிடித்து முத்தமிடுகிற வழக்கப்படி, முன்னால் வந்து குனிந்தான். மன்சோர் தன் கையைக் கொடுக்கவில்லை. அவன் கையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, அவனுக்கும் கீழே தான் குனிந்து, அந்தக் கையை முத்தமிட்டார். வேலியோரத்தில் யாரோ "யா அல்லா" என்றார்கள்.

"அபா, வேணாம் அபா, நீங்க பெரியவங்க, இது தப்பு" என்று சுக்ரி பதறிக் கையை உருவப் பார்த்தான்.

மன்சோர் விடவில்லை. அவர் முகம் நனைந்து, அவன் கையும் நனைந்துகொண்டிருந்தது. நஸ்லினா படியிறங்கி அவர்கள் பக்கம் மெல்ல நடந்து வந்தாள்.