குழாய்க்காரரின் அருவருப்பு

ஊரார் கக்கூஸில் முழங்கை வரை கையை விட்டு அடைப்பெடுத்தவர் குழாய்க்காரர். மயிர்க்கொத்து, அழுகிய துணி, செத்த எலி, எதற்கும் முகம் சுளித்ததில்லை. கையைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று டீ குடிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு, சுகாதார நிலையத்து நர்ஸ் கொடுத்த விரல் நீளக் குப்பியைப் பார்த்தாலே குமட்டியது.

"உங்க மலத்துல இந்தக் குச்சியால குத்தி, உள்ளே விட்டு மூடிக் கொடுங்க. உங்க அண்ணன் குடல் புற்றுநோயிலதானே போனாரு? நீங்க சோதிச்சுப் பார்த்தே ஆகணும்" என்றிருந்தாள் அவள்.

அண்ணன் பேச்சை எடுத்ததுதான் வினையாயிற்று. அறுவைக்குப் பிறகு மலம் வெளியேற அண்ணன் வயிற்றில் ஒட்டியிருந்த பை ஒருநாள் போர்வையில் கசிந்தது. பார்க்கப் போன குழாய்க்காரர் அந்த நாற்றத்தில் வாசலோடு திரும்பி வந்தவர்தான்.

"ஊரோடதையெல்லாம் அள்ளுனீங்க. சொந்தத்துக்கு என்ன கூச்சம்?" என்றாள் மனைவி.

"அது அடுத்தவங்களோடது. எனக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம்."

அவள் விடுவதாயில்லை. நச்சரிப்புத் தாங்காமல், மாடியில் குடியிருந்த அவள் தம்பியிடம் போனார். அவர் தையல்காரர்.

"மச்சான், உன்னோடதைப் போட்டுக் குடுத்துடேன்."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்காவையே குடுத்தோம் மாமா. இதைக் குடுக்க மாட்டோமா?"

பத்து நாள் கழித்து நர்ஸ் போன் செய்தாள். ரத்தம் கலந்திருக்கிறது, மூல நோயாகவும் இருக்கலாம், ஆனால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள்.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. நல்லவேளை, நம்முடையது இல்லை. பிறகுதான் அந்த நிம்மதியே நாறியது. வாயை மூடிக்கொண்டு தானே போய்ப் படுத்துக் கேமராவை விட்டுக்கொண்டால் விஷயம் அமுங்கிவிடும் என்றும் மனம் கணக்குப் போட்டது. எந்தச் சாக்கடையிலும் இப்படி ஒன்றை அவர் தொட்டதில்லை. மாடியேறினார்.

"மச்சான், அன்னிக்குக் குடுத்தியே, அதுல ரத்தமாம்."

தையல் மெஷின் நின்றது. மச்சான் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு மாசமா வருது மாமா. உக்காந்தே தைக்கிறேன்ல, சூடுன்னு நினைச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"இந்த அசிங்கத்தை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மறுநாள் காலை இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். வரிசையில் நின்றவர்கள் காதுபடவே குழாய்க்காரர் நடந்ததைச் சொன்னார். நர்ஸின் முகம் கோணியது. அழுகல் எதையோ பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"அறுபத்துமூணு வயசு ஆளு செய்யற வேலையா இது? நீங்க மறைச்சு, உங்க மச்சான் இன்னும் ஆறு மாசம் சும்மா இருந்திருந்தா?"

மச்சானுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். இவர் கையில் புதிதாக ஒரு குப்பியைத் திணித்தாள்.

"இந்தத் தடவை உங்களோடது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.